வெண்பன்றி இறைச்சியும் விளாம்பழப் பச்சடியும்

காவிரி நாட்டில் நெல் விளையும் இடமெல்லாம் தவிடும் விளைகிறது எனலாம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய மாவட்டங்களில் நெல் அரைவை ஆலைகள் பலவுள. ஆலையிலிருந்து அரிசி சந்தைக்குச் செல்கிறது. தவிடும் குருணையும் எஞ்சி நிற்கின்றன. இவற்றில் ஒரு பகுதி மாட்டுக்கும் கோழிக்கும் தீனியாகிறது. ஒரு பகுதி எண்ணெய் எடுக்கப் போகிறது. இம்மிச்சப் பொருள்களைக் குறுகிய காலத்தில் நல்ல இறைச்சியாக மாற்றித் தரவல்ல பிராணி இன்னொன்றும் உண்டு. அதுவே பன்றி.

ஆயினும், பன்றி என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது சாக்கடை ஓரத்திலும் குப்பைமேட்டிலும் அலையும் பன்றியே. அதனால் அவ்விறைச்சியை உண்போருங்கூட அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசக் கூசுகின்றனர். இக்கூச்சத்தால் விளையும் கேடு பெரிது. எவ்வாறு தூய்மையாக வளர்ப்பது, எவ்வாறு பக்குவமாகச் சமைப்பது என்பவற்றை ஒருவர்க்கு ஒருவர் எடுத்துச் சொல்லாமற் போகின்றனர். அரைவேக்காட்டு இறைச்சியாலும் திறந்தவெளியில் மலங்கழிக்கும் பழக்கத்தாலும் பரவும் ஒருவகைப் புழு, சிறுவர்க்கும் பெரியவர்க்கும் வலிப்பு நோயை உண்டாக்குகிறது. எனவே இது நாவின் சுவையோடு நின்றுவிடும் செய்தியன்று.

ஆறு பேர் உண்ணத்தக்க பன்றி இறைச்சி விருந்து ஒன்றை, நம் ஊர்ப் பழத்தால் ஆன பச்சடியோடு சமைக்கும் முறையை இக்கட்டுரையில் கூறுவோம். அதற்கு முன், அவ்விறைச்சி எங்கிருந்து, எத்தகைய கொட்டிலிலிருந்து வரவேண்டும் என்பதையும் காண்போம். கொட்டில், கழிப்பிடம், அடுப்பு ஆகிய மூன்றும் ஒழுங்காக அமைந்தால்தான் விருந்து விருந்தாகும்.

இவ்விறைச்சியை உண்ணாதோர் நம் நாட்டில் பலர். சமய நெறியாலோ குடும்ப வழக்கத்தாலோ அதனை விலக்கியோர் அவ்வழியே நிற்பது முறை. ஆயினும் புழுவைப் பற்றிக் கூறும் பகுதியை அவர்களும் படித்தல் வேண்டும். அதன் காரணம் அங்கே விளங்கும்.

பழைய வழக்கமும் பிற நாட்டு வழக்கமும்

பன்றி வளர்ப்பு தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்தின் சிறப்பைப் பாடும் பட்டினப்பாலை, உறைகிணறுகள் அமைந்த புறச்சேரியில் குட்டிகளையுடைய பன்றிகளும் பல கோழிகளும் இருந்தமையைக் குறிக்கிறது. தொண்டை நாட்டைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை மேலும் ஒரு படி சென்று, வளர்க்கும் முறையையே கூறுகிறது. ஆண் பன்றியைப் பெண் பன்றிகளோடு திரியவிடாமல் குழியில் நிறுத்தி, நெல்லை இடித்த மாவைத் தீனியாக ஊட்டிப் பல நாள் பேணி, கொழுத்தபின் அதன் இறைச்சியை விருந்தினர்க்கு அளித்தனராம். அலையவிடாமல் அடைத்து வைத்தல், நெல்லின் மாவை ஊட்டுதல் என்னும் இவ்விரண்டும் இன்று கால்நடை மருத்துவர் கூறும் அறிவுரையோடு ஒத்திருத்தல் காண்க.

காவிரி பிறக்கும் குடகு நாட்டில் பன்றிக் கறி இன்றும் விருந்தின் தலைமை உணவாகும். அங்கே அதற்குப் புளிப்புச் சேர்ப்பது ‘கச்சம்புளி’. குடம்புளி இனத்துப் பழத்தின் சாற்றை நெடுநேரம் காய்ச்சி, கருமையான குழம்பாக்கி வைத்துக்கொள்வதே கச்சம்புளி. பன்றிக் கறியோடு குருணை அரிசியில் பிடித்த உருண்டைக் கொழுக்கட்டையை உண்பர்.

காவிரி கடலோடு கலக்கும் பகுதியில் உள்ள தரங்கம்பாடியில் 1620-ஆம் ஆண்டு முதல் 1845 வரை டென்மார்க் நாட்டவர் குடியேற்றம் நடத்தினர். அவர்களுடைய தாய்நாட்டில் கிறிஸ்துமஸ் முந்திய இரவு விருந்தில், தோலோடு முழுத் துண்டாக வாட்டிய பன்றி இறைச்சி முக்கிய இடம் பெறுகிறது. அதற்குத் துணையாக இனிப்பும் புளிப்பும் சேர்த்து வேகவைத்த சிவப்பு முட்டைக்கோசை வைப்பர். இங்கிலாந்தில் ஆப்பிள் பழத்தை வேகவைத்து மசித்த ‘சாஸ்’ வைப்பர்.

குடகிலும் சரி, குளிர் நாடுகளிலும் சரி, கருத்து ஒன்றே. பன்றி இறைச்சியில் கொழுப்பு மிகுதி. கொழுப்பு மிகுந்த உணவு விரைவில் திகட்டும். பழத்தின் புளிப்பு அத்திகட்டலைப் போக்கி, அடுத்த கவளத்துக்கு நாவைத் தூண்டும். ஆப்பிள் நமக்கு மலையிலிருந்தும் வடக்கிலிருந்தும் விலைக்கு வரவேண்டிய பழம். நம் ஊர் விளாம்பழமோ புளிப்பும் மணமும் ஒருங்கே உடையது. வெல்லம் சேர்த்துப் பச்சடி செய்யும் வழக்கமும் நம் இல்லங்களில் முன்னரே உண்டு. ஆகவே அதனையே இங்கு எடுத்துக்கொண்டோம்.

அரிசி உண்போர்க்கு ஆகும் சத்து

கொழுப்பு நீக்கிய பன்றி இறைச்சி 100 கிராமில் சுமார் 20 கிராம் புரதம் உள்ளது. இந்த அளவில் அது மற்ற இறைச்சிகளைப் போன்றதே. அதன் தனிச் சிறப்பு தயமின் எனப்படும் வைட்டமின் பி1 சத்தில் உள்ளது. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி ஆகியவற்றைப் போல் பல மடங்கு தயமின் பன்றி இறைச்சியில் இருக்கிறது.

இச்சத்து நெல்லின் தவிட்டிலும் முளைப்பகுதியிலும் நிறைய உண்டு. பச்சரிசியை வெளுக்கத் தீட்டும்போது அது தவிட்டோடு போய்விடுகிறது. 1890-களில் ஜாவாத் தீவில் பணியாற்றிய எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியை மட்டும் உண்ட கோழிகளுக்குக் கால் விளங்காமற் போவதையும், தவிடு நீக்காத அரிசியைக் கொடுத்தால் அவை குணமடைவதையும் கண்டார். மனிதர்க்கு வரும் ‘பெரிபெரி’ நோயின் காரணம் இவ்வாறே விளங்கலாயிற்று. இவ்வாராய்ச்சிக்காக அவருக்கு 1929-இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. புழுங்கலரிசியில் நெல்லை வேகவைக்கும்போதே தயமின் அரிசிக்குள் ஊறிவிடுவதால், அதனை உண்போர்க்கு இக்குறை அவ்வளவாக நேர்வதில்லை.

நாம் அரிசியிலிருந்து நீக்கிய தவிட்டைப் பன்றிக்குத் தீனியாகக் கொடுக்கிறோம். அரிசியில் குறைந்துபோன சத்து அதன் இறைச்சியில் நிறைந்து நம் இலைக்கு வருகிறது. ஆனால் தயமின் நீரில் கரைந்து வெளியேறும் இயல்புடையது. இறைச்சியிலிருந்து வடியும் சாற்றைக் கொட்டிவிட்டால் சத்தில் ஒரு பகுதியையும் கொட்டிவிட்டவர் ஆவோம். பின்னே சமையற் குறிப்பில், வடிந்த சாற்றைப் பச்சடியிலும் குழம்பிலும் சேர்க்கச் சொல்வது இதனாலேயே.

நாடாப்புழுவும் வலிப்பு நோயும்

பன்றி இறைச்சியால் வலிப்பு வரும் என்று பலர் கேள்விப்பட்டிருப்பர். அது எவ்வாறு வருகிறது என்பதைத் தெளிவாக அறிந்தோர் சிலரே. இதனை நான்கு படிகளாகப் பிரித்து அறிதல் நலம்.

1. நாடாப்புழு மனிதன் குடலில் வாழ்கிறது. பல அடி நீளம் வளரும். அதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறுகின்றன.

2. மலங்கழிக்கும் இடத்தில் மேயும் பன்றி அம்முட்டைகளை விழுங்குகிறது. முட்டையிலிருந்து வெளிப்படும் இளம்புழுக்கள் பன்றியின் தசையில் சிறு நீர்க்கொப்புளங்களாகத் தங்குகின்றன. அவை அரிசி மணி அல்லது பட்டாணி அளவில் வெண்மையாகத் தோன்றும்.

3. அவ்விறைச்சியை அரைவேக்காடாக உண்பவர் குடலில் இளம்புழு பெரும் நாடாப்புழுவாக வளர்கிறது. இவருக்குப் பெரும்பாலும் துன்பம் ஏதும் தெரிவதில்லை. ஆனால் அவர் மலத்தோடு முட்டைகள் நாள்தோறும் வெளியேறுகின்றன.

4. அவர் கை கழுவாமல் உணவைத் தொட்டாலோ, மலம் கலந்த நீர் கீரைக்கும் காய்கறிக்கும் பாய்ந்தாலோ, அம்முட்டைகள் மற்றவர் வயிற்றுக்குள் செல்கின்றன. இவ்வாறு சென்ற முட்டையிலிருந்து வரும் இளம்புழு குருதியோடு ஓடி மூளையில் தங்கிவிட்டால் வலிப்பு உண்டாகிறது.

நான்காம் படியை ஊன்றி நோக்குக. மூளைக்குச் செல்வது முட்டையிலிருந்து வந்த புழு; அம்முட்டை மனித மலத்திலிருந்து வந்தது. பன்றி இறைச்சியைத் தம் வாழ்நாளில் தொட்டறியாதவர்க்கும், பிறந்தது முதல் காய்கறியே உண்பவர்க்கும் இந்நோய் வரலாம் என்பது இதனால் விளங்கும். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் வேலூர் மாவட்டத்து மக்களிடையே ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட முடிவின்படி, அங்கு வலிப்பால் துன்புறுவோரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்க்கு இப்புழுவே காரணமாக இருந்தது.

இச்சங்கிலியை மூன்று இடங்களில் அறுக்கலாம். ஒவ்வொரு வீட்டாரும் கழிப்பறையைப் பயன்படுத்துதல் முதலாவது. பன்றியை அலையவிடாமல் கொட்டிலில் வளர்த்தல் இரண்டாவது. இறைச்சியை நடுப்பகுதி வரை நன்றாக வேகவைத்தல் மூன்றாவது. மலத்தில் வெண்ணிற நாடாத் துண்டுகள் போல் ஏதேனும் கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். தாமே மருந்து வாங்கி உண்ணலாகாது. வலிப்புக் கண்டவரின் கையில் இரும்பைக் கொடுப்பதால் பயன் ஏதும் இல்லை. அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், விரைந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

கொட்டிலில் வளர்த்தல்

தமிழ்நாட்டுப் பண்ணைகளில் பெரிதும் வளர்க்கப்படுவது ‘பெரிய வெள்ளை யார்க்‌ஷயர்’ என்னும் இனம். இதனையே வெண்பன்றி என்கிறோம். சினைக்காலம் சுமார் 114 நாள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று நினைவிற் கொள்ளலாம். ஓர் ஈற்றில் பெரும்பாலும் 8 முதல் 12 குட்டிகள் வரை ஈனும். நல்ல தீனி கொடுத்தால் எட்டு மாத அளவில் 80 கிலோவும் அதற்கு மேலும் எடை வரும்.

கொட்டில் வீடுகளிலிருந்து தள்ளி, மழைக்காலத்தில் நீர் தேங்காத மேட்டில் இருத்தல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பள்ளத்தில் உள்ள கொட்டில் குளமாகிவிடும். தளம் சிமெண்டால் பாவப்பட்டு, கழிவுநீர் ஓடச் சரிவாக அமைதல் நன்று. பன்றிக்கு வியர்வை மிகக் குறைவு. வெயில் அதற்கு ஆகாது. கோடையில் நிழலும், உடல் நனைக்க நீரும் இன்றியமையாதவை.

தவிடு மட்டும் தீனியாகப் போதாது. குருணை அல்லது மக்காச்சோளம், கடலைப் பிண்ணாக்கு, தாது உப்புக் கலவை ஆகியவற்றை அதனோடு சேர்க்க வேண்டும். தவிடு விரைவில் சிக்கு வாடை அடையும். ஆதலால் புதிதாக அரைத்ததையே வாங்குக. உணவு விடுதிகளின் மிச்சத்தைக் கொடுப்போர் அதனை நன்றாகக் கொதிக்க வைத்த பின்னரே கொடுத்தல் வேண்டும். பன்றி இறைச்சியின் கழிவை மட்டும் எந்நிலையிலும் பன்றிக்கு இடலாகாது. 2020-இல் நம் நாட்டில் முதன்முதலாக அஸ்ஸாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் கண்டறியப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அவ்வழியாகவும் பரவும். அந்நோய் மனிதரைத் தாக்காது; ஆனால் பன்றிக் கூட்டத்தையே அழித்துவிடும்.

நெல் வயல் சூழ்ந்த ஊர்களில் இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. ஜப்பானிய மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமி பன்றியின் உடலில் பெருகும். நீர் தேங்கிய வயலில் பிறக்கும் கொசு அதனை மனிதர்க்குக் கொண்டு சேர்க்கும். இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக 1955-இல் வேலூர்ப் பகுதியில்தான் அறியப்பட்டது. கொட்டிலை வீட்டோடு ஒட்டிக் கட்டாமை, சாணத்தையும் கழிவுநீரையும் தேங்கவிடாமை, கொசுவலை கட்டி உறங்குதல், சுகாதாரத் துறையினர் கூறும் தடுப்பூசியைக் குழந்தைகளுக்குப் போடுதல் ஆகியவை தவறாமல் கைக்கொள்ளத்தக்கவை.

வளர்க்க விரும்புவோர் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகிப் பன்றிக்குரிய தடுப்பூசிகளையும் புழுநீக்க மருந்தையும் பற்றிக் கேட்டறிக. 1989-இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கல்லூரி ஒன்று, தஞ்சை மாவட்டம் ஒரத்தநாட்டில் 2012 முதல் நடைபெறுகிறது. செங்கற்பட்டு மாவட்டம் காட்டுப்பாக்கத்தில் உள்ள அப்பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் வெண்பன்றி வளர்ப்பில் நெடுங்காலப் பழக்கம் உடையது.

இறைச்சி வாங்கும் முறை

கொட்டிலில் தீனியிட்டு வளர்த்து, மருத்துவர் பார்வையிட்டு அறுத்த பன்றியின் இறைச்சியையே வாங்குக. நல்ல இறைச்சி இளஞ்சிவப்பாகவும், விரலால் அழுத்தினால் மீண்டெழுவதாகவும் இருக்கும். கொழுப்பு வெண்மையாக இருக்கும். வெட்டிய இடத்தில் அரிசி மணி போன்ற வெண்கொப்புளங்கள் தென்பட்டால் அதனை வாங்கலாகாது; பாதியை வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைப்பதும் கூடாது. கொப்புளம் கண்ணுக்குத் தென்படவில்லை என்பதால் அரைவேக்காடாக உண்ணலாம் என்பதும் இல்லை.

விருந்துக்கு வேண்டியவை (ஆறு பேருக்கு)

இறைச்சிக்கு: தோலும் எலும்பும் கூடிய தொடை அல்லது முன்கால் சப்பைத் துண்டு ஒன்றரை கிலோ, சின்ன வெங்காயம் 200 கிராம், பூண்டு 12 பல், இஞ்சி இரண்டு அங்குலத் துண்டு, ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு 2 தேக்கரண்டி, மஞ்சள்தூள் 1 தேக்கரண்டி, உப்பு 3 தேக்கரண்டி, கெட்டியான புளிக்கரைசல் 2 மேசைக்கரண்டி.

பச்சடிக்கு: நன்கு பழுத்த நடுத்தர விளாம்பழம் 3, பொடித்த வெல்லம் 150 கிராம், பச்சைமிளகாய் 2, சுக்குத்தூள் ஒரு சிட்டிகை, கடுகு அரைத் தேக்கரண்டி, நல்லெண்ணெய் 1 தேக்கரண்டி, உப்பு ஓரளவு.

வாட்டும் முறை

இறைச்சியைத் துணியால் ஒற்றி ஈரத்தை நீக்குக. தோலின் மேல் ஒரு விரற்கடை இடைவெளி விட்டுக் கோடு கோடாகக் கீறுக. கத்தி தோலையும் கொழுப்பையும் மட்டும் பிளக்க வேண்டும்; தசையைத் தொடலாகாது. இஞ்சி, பூண்டு, மிளகு, மஞ்சள், புளிக்கரைசல், உப்பில் பாதி ஆகியவற்றை அரைத்துத் தசைப்பகுதியில் மட்டும் பூசுக. தோலில் மீதி உப்பை மட்டும் தேய்க்க வேண்டும். தோல் ஈரமாக இருந்தால் மொறுமொறுப்பு ஏறாது. இரண்டு மணி நேரம் ஊற விடுக. குளிர்பெட்டி உள்ளவர்கள் அதில் ஓர் இரவு வைக்கலாம்.

நம் வீடுகள் பலவற்றில் ரொட்டி அடுப்பு இல்லை. அதற்காக வருந்த வேண்டுவதில்லை. அடிகனமான இரும்புச் சட்டியும் அதற்குப் பொருந்தும் தட்டையான மூடியும் போதும். சட்டியின் அடியில் உரித்த வெங்காயத்தைப் பரப்பி, இரண்டு குவளை நீர் ஊற்றி, தோல் மேலே இருக்குமாறு இறைச்சியை வைத்து மூடுக. மிதமான தீயில் ஒரு மணி நேரம் வேகட்டும். நீர் வற்றினால் வெந்நீர் சிறிது சேர்க்கலாம்.

பின்பு அடியில் தீயைத் தணித்து, மூடியின் மேல் தணலைப் பரப்புக. மேலும் கீழும் அனல் பட்டு இறைச்சி வாடும். இவ்வாறு இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். இடையிடையே மேலுள்ள தணலைப் புதுப்பித்தல் வேண்டும். தோல் பொன்னிறமாகிக் கொப்புளித்தால் பதம். போதிய அளவு மொறுமொறுப்பாகவில்லையெனில், தோலை மட்டும் சீவி எடுத்துத் தனிச் சட்டியில் அதன் கொழுப்பிலேயே வறுத்துக்கொள்ளலாம்.

எரிவாயு அடுப்பு உள்ளவர்கள், அழுத்தச் சமையற்கலத்தில் ஒரு குவளை நீருடன் இறைச்சியை முதலில் வேகவைத்து, பின் இரும்புச் சட்டியில் எல்லாப் பக்கமும் சிவக்க வாட்டி எடுக்கலாம். மின்சார அடுப்பாயின் 180 டிகிரி வெப்பத்தில் இரண்டேகால் மணி நேரம் வைத்து, இறுதியில் 20 நிமிடம் 220 டிகிரிக்கு உயர்த்துக.

வெந்ததா என்று அறிவது மிக முக்கியம். தடித்த பகுதியில், எலும்புக்கு அருகே, இரும்புக் கம்பியைச் செருகி எடுத்தால் வரும் சாறு தெளிவாக இருத்தல் வேண்டும். சிவப்பு சிறிதும் கூடாது. சமையல் வெப்பமானி உள்ளவர்கள் நடுப்பகுதி 75 டிகிரி செல்சியஸ் அடைந்ததா என்று பார்க்கலாம். இந்த வெப்பத்தில் இளம்புழு உயிர் பிழைக்காது. மேலே சிவந்த நிறத்தையும் எழும் மணத்தையும் மட்டும் நம்பி இறக்கிவிடலாகாது. முழுத் துண்டாக வாட்டும்போது புறம் வெந்து அகம் வேகாமல் இருப்பது எளிதில் நேரும்.

வெந்தபின் கால் மணி நேரம் மூடி வைத்து, பின்னரே தசையின் இழைக்குக் குறுக்காக விரற்கனத் துண்டுகளாக அரிக. உடனே அரிந்தால் சாறு முழுவதும் வெளியேறி இறைச்சி வறண்டுவிடும். சட்டியில் நிற்கும் சாற்றின் மேல் மிதக்கும் கொழுப்பை அகப்பையால் நீக்கிவிட்டு, சாற்றையும் வெந்த வெங்காயத்தையும் மசித்துக் கொதிக்க வைத்தால் சோற்றில் பிசையக் குழம்பு ஆயத்தம்.

பச்சைக் கறியை வெட்டிய கத்தியையும் பலகையையும் வெந்நீரும் சோப்பும் இட்டுக் கழுவாமல் வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது. மசாலை தடவிய கையை நாவில் வைத்து உப்புப் பார்ப்பது பலர் பழக்கம். இவ்விறைச்சியில் அதனை அறவே விலக்குக.

பச்சடி செய்யும் முறை

விளாங்காய் பழுத்ததா என்பதை அறிய, ஒரு முழ உயரத்திலிருந்து கல் தரையில் விடுக. காய் துள்ளும், பழம் துள்ளாமல் விழுந்த இடத்தில் மந்தமான ஓசையோடு நிற்கும். ஓட்டை உடைத்துச் சதையை எடுத்து, வெதுவெதுப்பான நீர் ஒரு குவளை விட்டுப் பிசைந்து, விதையும் நாரும் நீங்க வடிகட்டுக. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிப்புப் பண்டத்தைக் காய்ச்சலாகாது. மண்சட்டி அல்லது எவர்சில்வர் பாத்திரம் ஏற்றது.

எண்ணெயில் கடுகைத் தாளித்து, கீறிய மிளகாயை வதக்கி, பழக்கூழை ஊற்றுக. கொதி வந்தபின் வெல்லம், உப்பு, சுக்குத்தூள் சேர்த்து, கொழுப்பு நீக்கிய இறைச்சிச் சாறு மூன்று மேசைக்கரண்டி விடுக. பத்து நிமிடத்தில் அகப்பையில் ஒட்டும் பதத்துக்கு வரும். புளிப்பு முன்னும் இனிப்பு பின்னும் உறைக்க வேண்டும். வெல்லத்தை அதற்கேற்பக் கூட்டியோ குறைத்தோ கொள்க.

விளாம்பழம் விநாயகர் சதுர்த்தியை ஒட்டிச் சந்தைக்கு வரத் தொடங்கும். அது கிடைக்காத காலங்களில் வேறு பழம் கொள்ளலாம். சித்திரை, வைகாசியில் மாங்காயும், குளிர்காலத்தில் நெல்லிக்காயும், மற்றப் போது அன்னாசியும் உதவும். எதுவுமே கிடைக்காவிடில் வீட்டில் உள்ள புளியும் வெல்லமும் போதும். புளியும் ஒரு பழமே அன்றோ!

இலையில் பரிமாறுதல்

ஆறு பேருக்கு முக்கால் கிலோ புழுங்கலரிசிச் சோறு வேண்டும். சோற்றோடு வெங்காயக் குழம்பும், அருகே மூன்று நான்கு துண்டு இறைச்சியும், அதன் மேல் ஒரு கரண்டி பச்சடியும் வைக்க. முருங்கைக்கீரைப் பொரியலும் மிளகு ரசமும் மோரும் இருந்தால் விருந்து நிறைவு பெறும். கீரையைப் பலமுறை நல்ல நீரில் அலசிச் சமைக்க. பச்சையாக உண்ணும் வெங்காயம், வெள்ளரி முதலியவற்றையும் அவ்வாறே அலசுதல் வேண்டும். முன் கூறிய நான்காம் படியை நினைவிற் கொள்வோர்க்குக் காரணம் கூற வேண்டுவதில்லை. குருதிக் கொதிப்பும் இதய நோயும் உடையோர் கொழுப்பையும் தோலையும் நீக்கி, சிறிதளவே உண்க.

ஒரு வீட்டார் எவ்வளவு கவனமாகச் சமைத்தாலும், ஊரில் பன்றி அலைந்து திரியும்வரை, வாய்க்கால் கரை கழிப்பிடமாக இருக்கும்வரை, அவ்வீட்டுக் குழந்தைக்கும் அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் புழு முட்டையின் அச்சம் நீங்காது. கொட்டில் அமைப்பதும் கழிப்பறையைப் பயன்படுத்துவதும் ஊர் முழுவதும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலைகள். இதனை ஊராட்சியும் மகளிர் குழுக்களும் முன்னின்று செய்தால், நெல்நாட்டின் தவிடு நல்ல உணவாகும். அவ்வுணவும் அச்சமின்றி உண்ணத்தக்கதாகும்.

குழுக்களில் கலந்து பேச

1. நம் ஊரில் கழிப்பறை இருந்தும் பயன்படுத்தாத வீடுகள் உளவா? அதற்குக் காரணம் நீரில்லாமையா, பழக்கமா?

2. பன்றி வளர்ப்போர் கொட்டில் அமைக்க ஊருக்கு வெளியே மேடான இடம் எங்கே உள்ளது? அவர்களோடு கலந்து பேசினோமா?

3. நம் ஊரில் வலிப்பால் துன்புறும் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டப்பட்டனரா?

4. பன்றி இறைச்சியே உண்ணாதவர்க்கும் இப்புழுவால் நோய் வருவது எப்படி என்பதை, இக்கட்டுரையைப் பாராமல் ஒருவர் எழுந்து மற்றவர்க்கு விளக்குக.